தலை சாய்ந்த ரோஜாக்கள்

அம்மாவின் 60-ஆவது பிறந்தநாளுக்கு ஓசூர் ரோஜா ஒரு கட்டு வாங்கி வந்தேன். 20 பூக்கள். மறுநாள் காலையிலேயே பாதிப் பூக்கள் கழுத்து ஒடிந்தாற்போலத் தொங்கின. மனம் பதறிவிட்டது. இதழ்களில் வாட்டமே இல்லை. பூவுக்குக் கீழே 2 அங்குலம் மட்டும் துவண்டிருந்தது.

அப்போதுதான் ஜாடியைக் கவனித்தேன். தண்ணீருக்குள் மூழ்கிய இலைகள் கொழகொழவென்று அழுகியிருந்தன. காம்பின் அடியைத் தொட்டால் வழுக்கியது. நீர் ஏறும் நுண்குழாய்களைப் பாக்டீரியா அடைத்துவிட்டால் தலைக்குத் தண்ணீர் எட்டாது. வெட்டுவாயில் காற்று புகுந்தாலும் அப்படித்தான்.

ஜாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கீழ் இலைகளை உருவினேன். வாளித் தண்ணீருக்குள் காம்பை அமிழ்த்தி, அதற்குள்ளேயே கூரான கத்தியால் ஓர் அங்குலம் சாய்வாக நறுக்கினேன். கத்தரிக்கோல் காம்பை நசுக்கிவிடும், அதனால் கத்திதான். பிறகு தலைகள் நிமிர்ந்து நிற்கும்படி செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் கழுத்தளவு நிறுத்தினேன். சாயங்காலம் தாளைப் பிரித்தபோது மூன்றைத் தவிர எல்லாமே நிமிர்ந்திருந்தன. அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

முன்பு தண்ணீரில் வெறும் சர்க்கரை போடுவேன். அது தவறு, பாக்டீரியாவுக்குத்தான் அது விருந்து. இப்போது தினமும் தண்ணீரை மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் காம்பை நறுக்குகிறேன், அவ்வளவுதான். மின்விசிறிக்கு நேர்கீழே வைப்பதில்லை. வாழைப்பழச் சீப்புக்கு அருகிலும் வைப்பதில்லை. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதிர்த்துவிடும்.

அம்மாவின் ரோஜாக்கள் எட்டாம் நாள்தான் உதிரத் தொடங்கின.