முதலையின் வாயோரம் வெடித்தபோது

குழந்தைகள் விழாவுக்காக ஃபோமில் ஒரு முதலை செய்தேன். கையை உள்ளே நுழைத்து வாயை அசைக்கும் வகை. மேலே லேடெக்ஸ் என்கிற திரவ ரப்பரைப் பூசி, காய்ந்ததும் அக்ரிலிக் பெயின்ட் அடித்தேன். ஒத்திகையில் பத்து முறை வாயைத் திறந்திருப்பேன். வாயோரத்துப் பச்சை செதில் செதிலாக உதிர்ந்து மடியில் விழுந்தது. முதலைக்குச் செதில் பொருத்தம்தான், அதற்காக இப்படியா!

லேடெக்ஸ் ரப்பர், இழுத்தால் நீளும். அக்ரிலிக் அந்த அளவுக்கு நீளாது. அவ்வளவுதான் விஷயம். உதிர்ந்த இடத்தை முழுக்கச் சுரண்டி எடுத்தேன். லேடெக்ஸிலேயே கொஞ்சம் பெயின்டைக் கலந்து, ஸ்பாஞ்சுத் துண்டால் மெல்லிசாக மூன்று முறை ஒற்றினேன். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஈரத்தில் நிறம் வெளிறித் தெரியும், காய்ந்தால் கருக்கும். அது தெரியாமல் முதல் கலவையில் பச்சையை அள்ளிப் போட்டதில், முதலை கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது.

லேடெக்ஸிலிருந்து வரும் அம்மோனியா நெடிக்காக ஜன்னல் திறந்தே இருந்தது. கண்ணோரத்துக்கு மட்டும் பிரஷ். அதை முதலில் சோப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டேன், இல்லையென்றால் மயிரெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம், கடைசியில் முகப் பவுடர். அதைத் தூவ மறந்து வாயை மூடிவைத்த ஒரு ராத்திரியில், இரண்டு தாடையும் ஒட்டிக்கொண்டன.