சிப்பில் நானோகுழாய் விளக்கு: எரிந்துபோகாமல் எரியவைப்பது எப்படி?

கார்பன் நானோகுழாயில், அதாவது கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாயில், போதிய மின்னோட்டம் பாய்ந்தால் பழைய குண்டு பல்பின் இழைபோலச் சூடேறி ஒளிரும். ஆனால் குண்டு பல்பு மெதுவாக அணையும். இது நானோவினாடிக்குள் அணையும். குழாயின் விட்டமே 1 நானோமீட்டர் அளவுதான், வெப்பத்தைத் தேக்கிவைக்க இடமில்லை. ஒரே நிபந்தனை: அடியிலுள்ள பரப்போடு ஒட்டிக் கிடக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் வெளிச்சம் கூடும், வேகம் போய்விடும்.

அதனால், குழாயின் ஒளியைச் சிப்பில் கடத்திச் செல்லும் நுண்பாதையான சிலிக்கான் நைட்ரைடு அலைவழியைப் பாதி ஆழம் மட்டும் செதுக்குங்கள். முழுதாகச் செதுக்கினால் இரு ஓரங்களிலும் குழாய் தொங்கும். அலைவழி 1 மைக்ரோமீட்டர் அகலம் என்றால், தங்க மின்முனைகள் இருபுறமும் 1 மைக்ரோமீட்டர் தள்ளி இருக்கட்டும். நெருங்கினால் உலோகம் ஒளியை விழுங்கிவிடும்.

நானோகுழாய்க் கரைசலை நன்றாக நீர்க்கச் செய்து ஒரு துளி விடுங்கள். மின்முனைகளுக்கிடையே சில மெகாஹெர்ட்ஸ் மாறுமின்னழுத்தம், சில வோல்ட், சில நிமிடங்கள். குழாய்கள் தாமாகவே குறுக்கே வந்து படியும். மின்னழுத்தத்தை நிறுத்தாமலே கழுவுங்கள். கரைசல் அடர்த்தியாக இருந்தால் கயிறுபோலத் திரண்டு விழும்.

குறைந்த மின்னழுத்தத்தில் மின்தடையை அளந்தால் ஒரு விஷயம் உடனே தெரியும். ஒற்றைச் சுவர்க் குழாய் (ஒரே ஒரு கார்பன் அடுக்கால் ஆனது) ஒன்றின் மின்தடை 6.5 கிலோஓமுக்குக் கீழே இறங்கவே இறங்காது. இறங்கினால் அங்கே இருப்பது ஒன்றல்ல.

ஒளியூட்டுவதை வெற்றிடத்தில் செய்யுங்கள், அல்லது அலுமினியம் ஆக்சைடு பூசி மூடுங்கள். திறந்த காற்றில் சூடேற்றினால் ஆக்சிஜன் குழாயைத் தின்றுவிடும். மின்னழுத்தத்தை 0.1 வோல்ட் படிகளில் ஏற்றுங்கள். ஒற்றைக் குழாயில் 20 மைக்ரோஆம்பியரைத் தாண்டினால் மின்னோட்டம் கிட்டத்தட்ட ஏறாமல் நிற்கும். அதற்குமேல் தள்ளுவது வீண் துணிச்சல்.

பலரும் குழாயைப் பறிகொடுப்பது, ஒளியை விட்டுவிட்டு எரியவைக்க மின்துடிப்பு கொடுக்கும்போதுதான். 50 ஓம் கேபிளின் முனையில் பல கிலோஓம் சுமை இருந்தால் துடிப்பு எதிரொலித்து, அங்கே மின்னழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 2 வோல்ட் கொடுத்ததாக நினைப்பீர்கள், குழாய் வாங்குவது 4. சாதனத்துக்கு இணையாக, முடிந்தவரை அருகில், 50 ஓம் மின்தடை ஒன்றை வையுங்கள்.

அப்படியும் ஒளித்துடிப்பு மந்தமாக இருந்தால் குழாயைக் குறைசொல்லுமுன் தொடுதிண்டுகளை, அதாவது மின்னிணைப்பு கொடுக்கும் உலோகத் திட்டுகளை, பாருங்கள். திண்டின் மின்தேக்கம் 1 பிகோஃபாரட் என்றாலே, 50 ஓமோடு சேர்ந்து ஏற்ற நேரம் 110 பிகோவினாடி ஆகிவிடும். திண்டைச் சிறிதாக்குங்கள். ஒளியுணரியின் நேரத் தடுமாற்றத்தையும் (ஒளி வந்த நேரத்தைச் சற்று முன்பின்னாகக் காட்டுவது) தனியே அளந்து கழித்துக்கொள்ளுங்கள்.