'டிட் யூ வென்ட்?' ஏன் தவறு: ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் முறை

தமிழில் 'வந்தான்' என்பதோடு ஓர் 'ஆ' சேர்த்தால் 'வந்தானா?' என்று கேள்வியாகிவிடும். ஆங்கிலத்தில் அந்த 'ஆ'வின் வேலையைச் செய்யும் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் முன்பக்கம் வரும். எந்தச் சொல்லை அங்கே கொண்டுவருவது என்று தெரிந்தால் போதும்.

முதல் படி. வாக்கியத்தில் ஆம், இஸ், ஆர், வாஸ், கேன், வில் போன்றவற்றில் ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதையே முன்னால் நகர்த்துங்கள். 'ஷி இஸ் ரெடி' என்பது 'இஸ் ஷி ரெடி?' ஆகும்.

இரண்டாம் படி. அப்படி எதுவும் இல்லையென்றால் டூ, டஸ், டிட் மூன்றில் ஒன்றை வரவழைக்க வேண்டும். நான் வருடக்கணக்கில் தடுக்கி விழுந்த இடம் இதுதான். 'போனாயா?' என்று மனதில் நினைத்து 'டிட் யூ வென்ட்?' என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். இறந்த காலம் 'போனாய்' என்ற வினையிலேயே இருப்பதால் 'வென்ட்' என்று சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். 'டிட்' வந்தால் முதல் வடிவம் போடு என்ற விதி தெரிந்திருந்தும் பேசும்போது வாயில் வரவில்லை.

வினையை இரண்டாகப் பிரித்து எழுதிப் பார்த்த அன்றுதான் பிடிபட்டது:

வென்ட் = டிட் + கோ
வொர்க்ஸ் = டஸ் + வொர்க்
வொர்க் = டூ + வொர்க்

'வென்ட்'டுக்குள் ஒரு 'டிட்' ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கும்போது அது வெளியே வந்து முன்னால் நிற்கும். காலத்தையும் கையோடு கொண்டுபோய்விடும். மிச்சம் இருப்பது வெறும் 'கோ'. அதனால் 'டிட் யூ கோ?'. 'ஷி வொர்க்ஸ்' என்பதில் உள்ள 'ஸ்' இப்படித்தான் 'டஸ்'ஸோடு போய்விடுகிறது: 'டஸ் ஷி வொர்க்?'. மறுத்துச் சொல்லும்போதும் இதே கணக்குதான்: 'ஹி டிட்ன்ட் கோ'.

கோ, கம், ஸீ, ஈட், டேக், கிவ், ஸே என்ற ஏழு வினைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் இப்படிப் பிரித்து எழுதுங்கள். பென்சிலும் தாளும் போதும். விடையைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். விரல் பழகும், நாக்கு பழகாது. எழுதியதை உரக்கச் சொல்லி கைபேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி. எங்கே, எப்போது, ஏன் என்று கேட்க, அந்தச் சொல்லை எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள்: 'வேர் டிட் ஹி கோ?'

'ஹூ' வரும்போது மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். 'யார் கூப்பிட்டார்?' என்றால் 'ஹூ கால்ட்?', இங்கே 'டிட்' கிடையாது. 'யாரைக் கூப்பிட்டாய்?' என்றால் 'ஹூ டிட் யூ கால்?'. தமிழில் சொல்லிப் பாருங்கள். வெறும் 'யார்' என்றால் 'டிட்' வேண்டாம். 'யாரை' என்றால் வேண்டும். நம் வேற்றுமை உருபு இங்கே நன்றாகக் கைகொடுக்கிறது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், 'டிட்ன்ட் யூ கோ?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. போகாதவர் தமிழில் 'ஆமாம், போகவில்லை' என்பார். ஆங்கிலத்தில் 'நோ, ஐ டிட்ன்ட்' என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் 'யெஸ்' என்றால் போனதாகவே கேட்பவர் எடுத்துக்கொள்வார். குழப்பம் வராமலிருக்க, 'யெஸ்', 'நோ' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் 'ஐ டிட்', 'ஐ டிட்ன்ட்' என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.