பழைய பைக்கில் ஆயில் டேங்கும் சப்ளை லைனும் பொருத்தும் முறை

பழைய டிரையம்ப், பிஎஸ்ஏ, நார்ட்டன் ட்வின்களில் (இரட்டை சிலிண்டர் பைக்குகளில்) ஆயில் இன்ஜினுக்கு அடியில் தேங்கி நிற்பதில்லை. தனி டேங்கிலிருந்து சப்ளை லைன் வழியாகப் பம்புக்கு இறங்குகிறது. பேரிங்குகளை நனைத்துவிட்டுக் கிராங்க் கேஸில் (இன்ஜினின் அடிக்கூட்டில்) வடிந்ததைப் பம்பின் மறுபாதி உறிஞ்சி, ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே ஏற்றுகிறது. டேங்குக்கும் பம்புக்கும் இடையே ஆயிலைத் தள்ள எந்த அழுத்தமும் கிடையாது; அதன் சொந்த எடையும் பம்பின் சிறு உறிஞ்சலும்தான். கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் குளிர்ந்திருக்கும்போது இந்தப் பாதையில் சின்னத் தடை இருந்தாலும் பேரிங் காயத் தொடங்கும். கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

முதலில் டேங்க். கழற்றி, அடியிலுள்ள சல்லடையோடு கூடிய முனையை எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் ஒரு துண்டுச் சங்கிலியை உள்ளே போட்டுக் குலுக்கினால் மூலைகளில் படிந்த மண்டி பெயரும். மண்ணெண்ணெய் நிறம் மாறாமல் வெளியே வரும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். டேங்குக்குள் மணலையோ சிறு கண்ணாடி மணிகளையோ காற்றால் பீய்ச்சிச் சுத்தம் செய்வது கூடவே கூடாது. மடிப்புகளில் ஒளிந்த ஒரு சிட்டிகை மணல், ஓடத் தொடங்கிய பிறகு சூடான ஆயிலில் பெயர்ந்து நேராகப் பம்புக்குப் போகும். பெட்ரோல் டேங்குக்குப் பூசும் சீலர் பூச்சும் வேண்டாம். அது செதில் செதிலாக உரிந்தால் அடைபடுவது இதே சல்லடைதான்.

டேங்கைத் தாங்கும் ரப்பர்கள் இறுகிப்போயிருந்தால் மாற்றுங்கள். இரும்போடு இரும்பாக முறுக்கிய டேங்க், அதிர்வில் பிராக்கெட் ஓரத்திலேயே விரிசல் விடும்.

ஹோஸ் ஆயிலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பராக இருக்க வேண்டும். முனையின் அளவைப் பார்த்தே உள்விட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் 8 மி.மீ. அல்லது 9.5 மி.மீ. வரும். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸை நம்பாதீர்கள். உள் உறை பிரிந்து மடிந்து, பம்பு இழுக்கும்போது வால்வு போல மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வளைவுகள் பெரிதாக இருக்கட்டும், சைலன்சரையோ செயினையோ தொடக் கூடாது. ரப்பரை அறுக்கும் பல் கிளிப்புக்குப் பதில் ஓரம் மழுங்கிய கிளிப் போடுங்கள்.

எது சப்ளை, எது ரிட்டர்ன்? டேங்கில், அடிமட்டத்திலுள்ள சல்லடை முனை சப்ளை. மேலே ஏறி மூடி வாயருகே முடியும் குழாய் ரிட்டர்ன். இன்ஜின் பக்கம் குழப்பம் வந்தால், கிராங்க் கேஸில் கொஞ்சம் ஆயில் விட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கிக்கரை மிதியுங்கள். முனைகளில் விரல் வைத்துப் பாருங்கள்: விரலை இழுப்பது சப்ளை, ஆயில் துப்புவது ரிட்டர்ன். மாற்றி மாட்டினால் சில நிமிடங்களில் இன்ஜின் சீஸ் ஆகும், அதாவது உள்ளே இறுகி நின்றுவிடும்.

ஃபில்டர் சேர்க்க ஆசைப்பட்டால் ரிட்டர்னில் மட்டும் சேருங்கள். டிரையம்பில் ராக்கருக்கு (வால்வைத் திறக்கும் நெம்புக்கு) போகும் கிளை ரிட்டர்னிலிருந்தே பிரிகிறது. ஃபில்டர் அந்தக் கிளைக்கு முன்னால் வந்தால் ராக்கருக்கும் சுத்தமான ஆயில் போகும். ராக்கர் போல்ட்டின் செப்பு வாஷர்களைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும், கசிவு நிற்கும்.

நிறுத்தி வைத்த பைக்கில் டேங்க் ஆயில் மெல்லக் கிராங்க் கேஸுக்கு இறங்கிவிடுகிறது என்று பலர் சப்ளை லைனில் குழாய்த் திருகோ ஸ்பிரிங் வால்வோ மாட்டுகிறார்கள். எங்கள் பரிந்துரை: வேண்டாம். திருகைத் திறக்க ஒருமுறை மறந்தால் போதும். அப்படியும் மாட்டித்தான் தீருவதென்றால், மூடியிருக்கும்போது இக்னிஷனைத் துண்டிக்கும் சுவிட்சோடு மாட்டுங்கள். முறையான மருந்து பம்பில்தான் இருக்கிறது: பிளஞ்சர் பம்பில் ஆயில் கசிந்து இறங்காமல் தடுக்கும் பந்தையும் அது உட்காரும் இடத்தையும் சுத்தம் செய்வது, கியர் பம்பில் தேய்மானத்தைச் சரிசெய்வது. மாதக்கணக்கில் நின்ற பைக்கை எழுப்பும் முன் கிராங்க் கேஸ் பிளக்கைத் திறந்து வடித்துவிடுங்கள். இல்லையேல் உபரி ஆயில் பிரீதர் (காற்றை வெளிவிடும் குழாய்) வழியாக வெளியேறும், சீல்களையும் பிதுக்கும்.

முதல் ஓட்டத்துக்கு முன், டேங்கில் ஆயில் ஊற்றி, சப்ளை ஹோஸை இன்ஜின் முனையில் மட்டும் கழற்றிக் குமிழி இல்லாமல் ஒழுகும்வரை பாத்திரத்தில் விடுங்கள். மாட்டியபின், பிரஷர் ரிலீஃப் வால்வை (மிகை அழுத்தத்தை விடுவிக்கும் வால்வை) தளர்த்தி, ஸ்பார்க் பிளக் இல்லாமலேயே அங்கே ஆயில் தலைகாட்டும்வரை கிக்கரை மிதியுங்கள். பிறகு எல்லாவற்றையும் இறுக்கி ஸ்டார்ட் செய்து டேங்க் வாயைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் ரிட்டர்ன் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உடனே நிறுத்துங்கள். முதலில் தொடர்ச்சியாக வந்து, பிறகு காற்றும் ஆயிலுமாகத் துப்பினால் சரி. உறிஞ்சும் பக்கம் சப்ளையைவிடப் பெரிது என்பதால் அப்படித்தான் வரும். அளவை ஐந்து நிமிடம் ஓடியபின் பாருங்கள், நின்றிருந்த பைக்கில் பார்த்து ஊற்றினால் அளவு மிஞ்சும். டிரையம்ப் டேங்கில் மூடிக்கு 38 மி.மீ. கீழே நிறுத்துங்கள், அந்த வெற்றிடம் நுரைக்கு வேண்டும்.