ஓடாத பைக்கைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு மாறும்போது கட்டில், பீரோ, ஃபிரிட்ஜுக்கெல்லாம் யோசித்து யோசித்துத் திட்டம் போடுகிறோம், மூலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் பைக்கை மட்டும் "கடைசியில் நாலு பேர் பிடித்தால் ஏறிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். சின்ன பைக்கே 110 கிலோவுக்கு மேல் இருக்கும், கொஞ்சம் பெரிய வண்டியென்றால் 180, 200 கிலோ. கை வைத்துப் பிடிக்கத் தோதான இடமும் அதில் குறைவு. அவசரத்தில் ஒருவர் மட்கார்டைப் பிடிப்பார், ஒருவர் இண்டிகேட்டரைப் பிடிப்பார், இன்னொருவர் விரல் செயினுக்குள் போகும். உண்மையில் காயம் படுவது இப்படித்தான்.

முதல் தவறு, வண்டி ஏன் ஓடவில்லை என்று பார்க்காமலே ஆளைக் கூப்பிடுவது. ஸ்டார்ட் ஆகாத வண்டி வேறு, உருளாத வண்டி வேறு. பேட்டரி போயிருந்தாலோ கார்புரேட்டர் அடைத்திருந்தாலோ தள்ளிக்கொண்டு போய்விடலாம். பிரேக் இறுகிச் சக்கரமே சுழலாத வண்டியை என்ன செய்வீர்கள்? அதனால் ஏற்றுகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் ஒரு வாரம் முன்னாடியே வண்டியை அசைத்துப் பாருங்கள். ஹேண்டில் லாக் திறக்கிறதா, கியர் நியூட்ரலுக்கு வருகிறதா, இரண்டு சக்கரமும் சுற்றுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, இவ்வளவுதான். சாவி தொலைந்து ஹேண்டில் ஒரு பக்கமாகப் பூட்டிக்கிடந்தால் நேராக உருட்டவே முடியாது. சாவி போடாமல் ரிமோட்டில் திறக்கும் சில புது மாடல்களில் பேட்டரி செத்தால் ஹேண்டில் லாக்கும் திறக்காது, அதற்காகவாவது முன்பே சார்ஜ் செய்து லாக்கை எடுத்துவிடுங்கள்.

சக்கரம் சுற்றவில்லை என்றாலும் பெரும்பாலும் வழி இருக்கும். பின்பக்கம் டிரம் பிரேக் என்றால் பிரேக் ராடின் முனையில் இருக்கும் நட்டை நன்றாகத் தளர்த்திப் பாருங்கள். டிஸ்க் பிரேக் இறுகியிருந்தால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றி, அதன் ஹோஸில் தொங்கவிடாமல் ஃபோர்க்கோடு (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) சேர்த்துக் கட்டிவிடலாம். இன்ஜின் ஜாம் ஆகி, கியரும் விடாமல் மாட்டிக்கொண்டிருந்தால் செயினைக் கழற்றுங்கள், பின்சக்கரம் தனியாகச் சுற்றும். டயரில் காற்று அடைக்க மறக்கவே மறக்காதீர்கள், பஞ்சர் டயர் ஒரு மணி நேரம் தாங்கினால்கூடப் போதும். காற்றில்லாத டயரோடு தள்ளுவது படாத பாடு.

அடுத்தது, ஏற்றிப்போக வருபவரிடம் "ஒரு பைக்கும் இருக்கிறது" என்று மட்டும் சொல்வது. அவர் ஓடுகிற வண்டி என்று நினைத்து ராம்ப் (லாரியில் ஏற்றச் சாய்த்துப் போடும் பலகை) இல்லாமல், இரண்டே ஆளோடு வந்து நிற்பார். தப்பு அவருடையது இல்லை. என்ன மாடல், ஏறத்தாழ எவ்வளவு எடை, உருளுமா, பிரேக் பிடிக்குமா என்று சொல்லுங்கள். ராம்ப் அல்லது லாரியின் பின்பக்க லிஃப்ட் உண்டா, எத்தனை பேர் வருவார்கள், வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பைக்குக்கு ஏற்கெனவே இருக்கும் இன்சூரன்ஸ் இதற்கும் செல்லும் என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்ள வேண்டாம், பாலிசியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் நிறைந்த டேங்க்கோடு மூடிய லாரியில் ஏற்றுவது ஆபத்து. ரொம்ப நாள் நின்ற வண்டியில் பெட்ரோல் போகும் ரப்பர் ட்யூப்களில் வெடிப்பு விட்டிருக்கும், குலுக்கலில் கசியும், மூடிய இடத்தில் ஆவி தேங்கும், ஒரு தீப்பொறி போதும். திறந்த வெளியில் வைத்து, பெட்ரோலுக்கான கேனில் வடித்துவிடுங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் அதன் அடிக்கிண்ணத்தில் நிற்பதையும் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து எடுத்துவிடுங்கள், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ். ஆசிட் ஊற்றும் வகை பேட்டரி என்றால் நிமிர்த்தியே வைக்க வேண்டும்.

இப்போது ராம்ப். எனக்குத் தெரிந்து ஓடாத வண்டி விஷயத்தில் இதைவிட ஆபத்தான இடம் கிடையாது, ஏனென்றால் இன்ஜின் உதவி இல்லாமல் முழுக்க ஆள் பலத்தில் ஏற்ற வேண்டும். லாரியின் தளம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம், உங்கள் பலகை 180 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 கிலோ வண்டியை அதில் ஏற்ற, உராய்வை விட்டுவிட்டாலே 50 கிலோ அளவுக்குத் தள்ள வேண்டும். அதே உயரத்துக்குப் பலகை 240 செ.மீ. என்றால் 38 கிலோதான். ஆகவே கிடைக்கிற பலகை போதும் என்று குட்டையாக ஒன்றைப் போடாதீர்கள். குட்டைப் பலகையில் இன்னொரு தொல்லை, முன்சக்கரம் தளத்தில் ஏறியதும் வண்டியின் அடிவயிறு விளிம்பில் இடித்து நின்றுவிடும். பலகையின் மேல்முனையை லாரியோடு பெல்ட் போட்டுக் கட்டாமல் ஏற்றவும் கூடாது, பின்சக்கரம் ஏறும் நேரத்தில் பலகை பின்னால் நழுவும், வண்டி மேலே இருப்பவர் பக்கமா கீழே இருப்பவர் பக்கமா சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாதி ஏறியதும் மூச்சு வாங்க நின்றால் முன்பிரேக்கைப் பிடித்துக்கொள்வோம் என்று நினைப்பார்கள். அது நிற்காது. முகப்பு மேலே பார்த்திருக்கும்போது எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்துக்குப் போய்விடுகிறது, முன்சக்கரம் பூட்டிக்கொண்டே கீழே வழுக்கும். கியர் வண்டியில் இன்ஜினும் செயினும் சரியாக இருந்தால் முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை அழுத்திக்கொண்டு தள்ளுங்கள், நிறுத்த வேண்டுமானால் கிளட்ச்சை விட்டால் போதும், பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ளும். ரொம்ப நாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொண்டு, அழுத்தினாலும் விடாமல் இருக்கலாம், தரையிலேயே ஒருமுறை சோதித்துவிட்டுப் பலகை ஏறுங்கள். ஸ்கூட்டரில் பின்பிரேக்கும் கையிலேயே இருப்பதால் இந்தக் கவலை இல்லை. செயினையோ பின்பிரேக்கையோ கழற்றியிருந்தால் இந்தப் பிடி கிடைக்காது, அப்போது மேலேயிருந்து வின்ச் (கம்பியைச் சுருட்டி இழுக்கும் கருவி) போட்டு இழுப்பதுதான் சரி. ஆள் குறைந்தது மூன்று பேர், அதில் ஒருவரும் வண்டிக்கு நேர் பின்னால் நிற்க வேண்டாம்.

ஏற்றியாயிற்று, சைடு ஸ்டாண்டு போட்டுக் கயிறு கட்டினால் முடிந்ததா? இல்லை. பெல்ட்டின் இறுக்கம் முழுவதும் அந்த ஒற்றை ஸ்டாண்டின் மேல் இறங்கும், குலுங்கக் குலுங்க அது வளையும், கழன்றும் போகலாம். சென்டர் ஸ்டாண்டும் பிரேக் அடித்தால் மடங்கிவிடும். வண்டி நேராக, முன்சக்கரம் லாரியின் முன்சுவரிலோ சக்கரக் கட்டையிலோ முட்டி நிற்க, பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ரேச்செட் பெல்ட் நான்கு போட வேண்டும். முன்னால் இரண்டும் ஹேண்டில்பார் நுனியில் வேண்டாம், ஃபோர்க்கின் கீழ் பிராக்கெட்டில், துணி வளையம் கொடுத்து மாட்டுங்கள். ஃபோர்க் பாதியளவு அமுங்கினால் போதும், கடைசிவரை அமுக்கி இறுக்கினால், உள்ளே இருக்கும் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போய்விடும். பின்னால் இரண்டு ஃபிரேமில். வயர், பிரேக் ஹோஸ், சைலன்சர் மேல் எந்தப் பெல்ட்டும் போகக் கூடாது. கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள், முதல் சில கிலோமீட்டரிலேயே பெல்ட் தளர்ந்திருக்கும்.

இடம் இல்லை என்று வண்டியைப் படுக்கப்போட ஒத்துக்கொள்ளவே வேண்டாம். ஆயில் ஏர் ஃபில்டருக்கும் சிலிண்டருக்கும் போகும், அது தெரியாமல் பிறகு ஸ்டார்ட் செய்தால் இன்ஜினே உடையலாம். பக்கத்தில்தானே வீடு என்று கயிறு கட்டி இழுப்பதும், இன்னொரு பைக்கில் வருபவர் காலால் தள்ளுவதும் அதே ரகம்தான், பிரேக் சரியில்லாத வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு நிறுத்த வழியே இல்லை.

கண்ணாடி, பெட்டி எல்லாவற்றையும் கழற்றி, போல்ட்டுகளை ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். துடைக்காத வண்டியில் துணி சுற்றினால் தூசியே பெயின்ட்டைக் கீறும்.

புது வீட்டில் இறக்குவதை யாரும் யோசிப்பதில்லை. ஏற்றிய ஆட்கள் அங்கே வருவார்களா, ராம்ப் கூட வருகிறதா, லாரி வாசல்வரை போகுமா, படி இருக்கிறதா என்று முன்பே கேட்டுவைக்க வேண்டும். இறக்குவது ஏற்றுவதைவிட மோசம், வண்டி தானாகவே கீழே ஓடப் பார்க்கும். பின்சக்கரம் முதலில் இறங்கும்படி, கிளட்ச்சை விட்டு விட்டுப் பிடித்து மெதுவாக இறக்குங்கள். ஏற்றும் முன் நாலு பக்கமும், மீட்டரும், சேசிஸ் நம்பரும் தெரியப் படம் எடுத்திருப்பீர்கள், இறக்கியதும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள், கீறலோ நசுங்கலோ இருந்தால் ரசீதிலேயே எழுதி, கொண்டுவந்தவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.