சர்வர் நிர்வாக மென்பொருள் லைசென்ஸ்: பில் வந்த பிறகு புரியும் தவறுகள்

சர்வர்களை நிர்வகிக்க ஒரு மென்பொருள் வாங்கலாம் என்று முடிவானதும் எல்லோரும் கேட்பது "விலை எவ்வளவு?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: எதை எண்ணி விலை போடுகிறீர்கள்? ஒரு நிறுவனம் ப்ராசசருக்குள் இருக்கும் கோரை (கணக்கிடும் அலகு) எண்ணும், இன்னொன்று நிர்வகிக்கப்படும் சர்வரை எண்ணும், வேறொன்று சென்சாரை (சாதனத்தில் கண்காணிக்கும் ஒவ்வோர் அளவீடும் ஒரு சென்சார்) எண்ணும், சிலர் உள்ளே வரும் லாக் (சர்வர் எழுதும் பதிவு) எத்தனை ஜிபி என்று எண்ணுவார்கள். இது தெரியாமல் இரண்டு கொட்டேஷனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று பார்ப்பது வீண் வேலை. பெரிய நிறுவனங்களில் லைசென்ஸ் விஷயத்தில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணிக்கையில்தான் தொடங்குகின்றன.

கோர் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம், அதிகப் பணம் போகிற இடம் அதுதான். மைக்ரோசாஃப்ட் 2016 பதிப்பிலிருந்து விண்டோஸ் சர்வரையும், சர்வர்களை நிர்வகிக்கும் சிஸ்டம் சென்டரையும் கோர் அடிப்படைக்கு மாற்றியது. ஒரு ப்ராசசருக்குக் குறைந்தது 8 கோர், ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும், உங்கள் சர்வரில் மொத்தம் 8 கோர்தான் இருந்தாலும் சரி. அடுத்து, ஸ்டாண்டர்டு பதிப்பில் எல்லா கோருக்கும் ஒருமுறை லைசென்ஸ் வாங்கினால் 2 விஎம் (ஒரே சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓட்டலாம். இன்னும் 2 வேண்டுமென்றால் எல்லா கோருக்கும் மறுபடியும் வாங்க வேண்டும். 32 கோர் உள்ள ஒரு ஹோஸ்டில் (விஎம்களைச் சுமக்கும் சர்வரில்) 10 விண்டோஸ் விஎம் ஓட்ட நினைத்தால் 5 முறை, அதாவது 160 கோர் லைசென்ஸ். 32 வாங்கிவிட்டு "முழு சர்வரும் கவர் ஆகிவிட்டது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். பத்துப் பன்னிரண்டு விஎம்மை நெருங்கும்போது எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லாத டேட்டாசென்டர் பதிப்பு பொதுவாக மலிவாகிவிடும். ஆனால் அந்தக் கணக்கை வாங்கும் முன் போட வேண்டும், இரண்டு வருடம் கழித்து அல்ல.

இதில் கிளஸ்டர் (ஒன்றுக்கொன்று துணையாக இணைத்த ஹோஸ்ட்கள்) வைத்திருப்பவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். இரண்டு ஹோஸ்ட், ஒவ்வொன்றிலும் 2 விஎம், ஒவ்வொன்றுக்கும் ஒரு செட் ஸ்டாண்டர்டு லைசென்ஸ். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. பராமரிப்புக்காக ஒரு ஹோஸ்டை நிறுத்தினால் நான்கு விஎம்மும் மற்றதில் போய் உட்காரும், அந்த நேரத்தில் அந்த ஹோஸ்டுக்கு இரண்டு செட் தேவை. லைசென்ஸையும் கூடவே நகர்த்திக்கொள்ளலாமே என்றால், விண்டோஸ் சர்வர் லைசென்ஸை ஒரு வன்பொருளுக்கு ஒதுக்கிய 90 நாட்களுக்குள் வேறு வன்பொருளுக்கு மாற்றக் கூடாது, பழையது நிரந்தரமாகப் பழுதானால் தவிர. ஆகவே ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் அது சுமக்கக்கூடிய அதிகபட்ச எண்ணிக்கைக்கு வாங்கி வைக்க வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து, சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் (மைக்ரோசாஃப்ட்டின் பராமரிப்பு ஒப்பந்தம்) அல்லது சப்ஸ்கிரிப்ஷன் இருப்பவர்கள் ஹோஸ்டை விட்டுவிட்டு விஎம் வாரியாகவும் லைசென்ஸ் எடுக்கலாம், ஒரு விஎம்முக்குக் குறைந்தது 8 கோர். பெரிய கிளஸ்டரில் நான்கைந்து விண்டோஸ் விஎம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி, பலருக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் இந்த வன்பொருள் விஷயம். சர்வர் வாங்குவது ஒரு டீம், லைசென்ஸ் வாங்குவது இன்னொரு டீம், இரண்டும் பேசிக்கொள்வதில்லை. கோர் அதிகமுள்ள ப்ராசசர் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று வாங்கிவிடுவார்கள், அந்தத் தள்ளுபடியை லைசென்ஸ் பில் விழுங்கிவிடும். விஎம்களை ஓட்டும் மென்பொருள் விற்கும் விஎம்வேரில் 2020 வரை ஒரு சிபியு (ப்ராசசர்) என்றால் ஒரு லைசென்ஸ். அந்த வருடம் 32 கோர் வரைக்கும்தான் ஒரு லைசென்ஸ் என்று வரம்பு வைத்தார்கள். 2023 நவம்பரில் பிராட்காம் அந்த நிறுவனத்தை வாங்கியது, டிசம்பரிலேயே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றது. இப்போது கோர் கணக்கில் சப்ஸ்கிரிப்ஷன் மட்டும்தான், ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர். 8 கோர் சிபியு வைத்திருப்பவர் இல்லாத 8 கோருக்கும் சேர்த்துக் கட்டுகிறார். நிரந்தர லைசென்ஸ் கையில் இருப்பவர்கள் அதைத் தொடர்ந்து ஓட்டலாம், ஆனால் சப்போர்ட் புதுப்பிக்க வேண்டுமானால் சப்ஸ்கிரிப்ஷனுக்குத்தான் போக வேண்டும். "ஒருமுறை வாங்கிவிட்டோம், இனி செலவில்லை" என்று ஐந்து வருட பட்ஜெட் போட்டவர்களின் கதி என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை.

மென்பொருள் தடுக்கவில்லை என்றால் அனுமதி இருக்கிறது என்று நினைப்பது அடுத்த தவறு, என்னைக் கேட்டால் இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். ஆரக்கிள் டேட்டாபேஸை நிர்வகிக்கும் என்டர்பிரைஸ் மேனேஜர் நல்ல உதாரணம். அடிப்படைக் கருவி டேட்டாபேஸ் லைசென்ஸோடு வருகிறது, ஆனால் கோளாறு கண்டறியும் டயக்னாஸ்டிக்ஸ் பேக், வேகம் கூட்டும் டியூனிங் பேக் இரண்டும் தனிக் காசு. டேட்டாபேஸின் என்டர்பிரைஸ் எடிஷனில் இந்த இரண்டும் இன்ஸ்டால் செய்தவுடனேயே திறந்துதான் இருக்கும், பூட்டு கிடையாது, எச்சரிக்கையும் பெரிதாக வராது. டேட்டாபேஸ் நிர்வாகி (டிபிஏ) ஒருவர் டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறதே என்று டயக்னாஸ்டிக்ஸ் பேக்கில் அடங்கிய ஒரு ஏடபிள்யூஆர் ரிப்போர்ட் எடுத்தால் போதும், அந்தப் பயன்பாடு டேட்டாபேஸுக்குள்ளேயே பதிவாகிவிடும், ஆடிட்டுக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். 'கன்ட்ரோல் மேனேஜ்மென்ட் பேக் ஆக்சஸ்' என்ற பாராமீட்டரை 'நன்' என்று வைத்துவிட்டால் தீர்ந்தது. லைசென்ஸ் இல்லாத ஒவ்வொரு டேட்டாபேஸிலும், அது உருவான அன்றைக்கே.

ஐபிஎம் கதை கொஞ்சம் வேறு. அவர்களுடைய பல மென்பொருள்களுக்கு, விஎம்முக்கு ஒதுக்கிய கோருக்கு மட்டும் கட்டணம் கட்டும் சலுகை உண்டு. அதற்கு நிபந்தனை, அவர்களுடைய லைசென்ஸ் மெட்ரிக் டூலை நிறுவி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை எடுத்து, இரண்டு வருடம் பாதுகாத்து வைக்க வேண்டும். டூல் இலவசம்தான். அதை நிறுவ மறந்தாலோ, நிறுவிவிட்டு ஏஜென்ட் (ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் அதன் சிறு நிரல்) வேலை செய்கிறதா என்று பார்க்காமல் விட்டாலோ, முழு சர்வரின் கோர்களுக்கும் கணக்குப் போட அவர்களுக்கு உரிமை உண்டு. 4 கோர் விஎம்முக்காக 64 கோருக்குக் கட்ட நேரிடலாம்.

கண்காணிப்பு மென்பொருளில் எண்ணிக்கை சத்தமில்லாமல் வளரும். பிஆர்டிஜி சென்சாரை எண்ணுகிறது, ஒரு சாதனத்துக்குச் சராசரியாக 10 சென்சார் ஆகும் என்று அவர்களே சொல்கிறார்கள். அதனால் 500 சென்சார் என்பது 50 சாதனம், 500 அல்ல. நெட்வொர்க் சுவிட்சில் உள்ள ஒவ்வொரு போர்ட்டையும் சேர்த்துவிட்டால் அந்த 50-கூட வராது. டேட்டாடாக் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளின் ஹோஸ்ட் கணக்கு (இங்கே ஹோஸ்ட் என்பது கண்காணிக்கப்படும் எந்தக் கணினியும்) இன்னும் சுவாரஸ்யம்: ஒவ்வொரு மணி நேரமும் ஹோஸ்ட் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, மாதக் கடைசியில் உச்சமான 1 சதவீத மணி நேரத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்தில் எது அதிகமோ அதற்குப் பில் போடுகிறார்கள். 720 மணி நேர மாதத்தில் தள்ளுபடியாவது ஏழு மணி நேரம்தான். 20 ஹோஸ்டில் ஓடும் ஒரு சிஸ்டம், லோடு டெஸ்டுக்காக (எவ்வளவு சுமை தாங்கும் என்ற சோதனைக்காக) ஒரே ஒரு நாள் 100 ஹோஸ்டுக்கு விரிந்தால், அந்த மாதம் முழுவதற்கும் 100. மாதாந்திரப் பில் என்பதை மீட்டர் வாடகை என்று நினைத்தவர்களுக்கு இது அதிர்ச்சிதான். லோடு டெஸ்ட் செய்யும் ஹோஸ்ட்களில் ஏஜென்ட் தேவையா என்று ஒருமுறை யோசிக்கலாம்.

பழைய சர்வரைக் கழற்றிவிட்டு கன்சோலில் அதன் பெயரை நீக்காமல் விடுவதும் இதே வகைதான், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சோதித்துப் பார்க்கத் தரும் எவால்யுவேஷன் பதிப்பை நிஜ வேலை நடக்கும் சர்வரில் விட்டுவிடுவதும் அப்படியே. 180 நாள் முடிந்த விண்டோஸ் சர்வர் மணிக்கொருமுறை தானாக அணைந்துவிடும், அதைவிடத் தெளிவான நினைவூட்டல் வேண்டாம்.

சர்வரோடு வரும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை (தூரத்திலிருந்தே சர்வரை இயக்கும் வசதியை) மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொட்டேஷனில் ஒரே ஒரு வரியாக ஒளிந்திருப்பது அது. எச்பிஇ சர்வர்களில் ஐஎல்ஓ என்ற இந்த வசதி பெரும்பாலானவற்றில் இருக்கும், ஆனால் அட்வான்ஸ்டு லைசென்ஸ் இல்லாத வழக்கமான ரேக் சர்வரில் ரிமோட் கன்சோல் (சர்வரின் திரையைத் தூரத்திலிருந்து பார்ப்பது) ஆபரேட்டிங் சிஸ்டம் பூட் ஆக ஆரம்பிக்கும் வரைதான். டெல்லில் இதே வசதியான விர்ச்சுவல் கன்சோலுக்கு ஐடிராக் என்டர்பிரைஸ் லைசென்ஸ் வேண்டும். சர்வர் வாங்கும்போதே சேர்த்து வாங்கினால் பேரம் பேச இடமிருக்கும். நள்ளிரவில் சர்வர் எழவில்லை, டேட்டாசென்டர் தூரத்தில் இருக்கிறது என்ற நிலையில் தேடினால் அந்த இடம் இருக்காது.

"சரி, இதெல்லாம் வேண்டாம், ஓப்பன் சோர்ஸுக்குப் போய்விடுவோம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் போன்றவை உண்மையிலேயே இலவசம், காசு கொடுப்பது சப்போர்ட்டுக்கு மட்டும், நல்ல ஆள் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் இலவசம் என்பது நிரந்தர வாக்குறுதி அல்ல. இலவச லினக்ஸான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பி மாறியவர்களுக்கு 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது, 2021 கடைசியோடு முடிந்தது. சர்வர்களைத் தானாக அமைக்கும் செஃப் 2019-இல் சோர்ஸைத் திறந்து வைத்துவிட்டு, தயார் பைனரிகளுக்கு (நேராக நிறுவக்கூடிய வடிவத்துக்கு) வணிக லைசென்ஸ் கேட்டது. சர்வர் கட்டமைப்பை நிரலாக எழுதி உருவாக்கும் டெராஃபார்ம் 2023 ஆகஸ்டில் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸை விட்டு மாறியது, அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் ஓப்பன்டோஃபு. எனவே இலவச மென்பொருளுக்கும் இரண்டாவது தேர்வு எது, மாற எத்தனை ஆள்-வாரம் ஆகும் என்று எழுதி வையுங்கள்.

கடைசியாக ரினியூவல். முதல் வருடத் தள்ளுபடியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள், நான்காம் வருட விலை எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுவதே இல்லை, பெரும்பாலும் எங்குமே எழுதியிருக்காது. புதுப்பிக்கும்போது எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற வரம்பு, கோர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும் உரிமை, எண்ணும் முறை மாறினால் பழைய கணக்கே தொடரும் என்ற ஒரு வரி, இந்த மூன்றையும் ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். மூன்றும் சேர்ந்து கிடைக்காது. விற்பனையாளரின் காலாண்டுக் கடைசி வாரத்தில் கேட்டால் ஒன்றாவது கிடைக்க வாய்ப்பு அதிகம்.