நீல் தீவுக்குப் போகிறீர்களா? டிக்கெட் போடும் முன் திதியைப் பாருங்கள்

அந்தமானில் நீல் தீவின் இயற்கைப் பாலத்தை, அதாவது கடலோரத்தில் பாலம்போல வளைந்து நிற்கும் பாறையைப் பார்க்க இரண்டு தடவை போனேன். முதல் தடவை பாலத்தின் அடிக்குப் போகும் பாறைத்தரை முழுக்கத் தண்ணீர். அலை வந்து மோதுவதை அரை மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினோம். தப்பு கடல்மேல் இல்லை, என்மேல்தான். அதே தப்பை நீங்கள் செய்யாமல் இருக்க இந்தப் பதிவு. விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

ஒரே ஒரு குறிப்பு. ஹேவ்லாக் (பக்கத்துத் தீவு), நீல் என்ற பெயர்கள் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு, ஷாகீத் தீவு என மாறின. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட் தளங்களில் பழசும் புதுசும் கலந்து வரும். இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

முதல் படி: வாரத்தைத் தேர்ந்தெடுப்பது

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ரொம்ப ஏறும், ரொம்ப வற்றும். அஷ்டமி வாக்கில் இரண்டுமே குறைவு. இப்படிக் கடல் ஏறி வற்றுவதுதான் ஓதம். போர்ட் பிளேர் பக்கம் பெரிய ஓதத்தில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே ஏறக்குறைய 2 மீட்டர் வித்தியாசம் இருக்கும். மெரினாவில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு இது புரிய நேரமாகும். எனக்கும் அப்படித்தான். கடல் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாலம் பார்க்க, பாறைக் குட்டைகளில் மீன் பார்க்க நன்றாக வற்ற வேண்டும். அதனால் அமாவாசை அல்லது பௌர்ணமி வாரம். குழந்தைகளோடு வெறுமனே குளித்து விளையாடத்தான் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரைக்குப் போய்விடுங்கள். ஆட்டோக்காரரிடம் 'ஏழாம் நம்பர்' என்றால் போதும். ஐந்தாம் நம்பரான விஜயநகர் கடற்கரை வற்று நேரத்தில் குளிக்க ஆகாது, முழங்கால் தண்ணீரில் பாறையும் பவளமும்தான் மிஞ்சும்.

இரண்டாம் படி: நேரத்தைக் கண்டுபிடிப்பது (நான் சறுக்கிய இடம்)

ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. அடுத்த நாள் அதே வற்று சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது, போர்ட் பிளேரும் அதில் உண்டு. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனமும் ஓதக் கணிப்பு தருகிறது. இது தவிர ஏகப்பட்ட செயலிகள்.

நான் பார்த்தது ஏதோ ஒரு இணையதளம். அழகான நீலக் கோடு, வற்று 10:10 என்று காட்டியது. ஒன்பதரைக்கே ஆட்டோ பிடித்து, பாலம் இருக்கும் லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் நின்றோம். தண்ணீர் ததும்பி நிற்கிறது. இளநீர் விற்ற பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்து, 'தீன் பஜே கே பாத்' என்றார். மூன்று மணிக்கு மேல் வா என்கிறார். எனக்கோ இணையதளத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை, அவருக்குத் தெரியாது என்று முடிவு கட்டினேன். மதியம் இரண்டு மணிக்கு எங்களுக்குப் படகு வேறு.

ஊருக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்தால், கோட்டுக்குக் கீழே எறும்பு எழுத்தில் 'யூடிசி' என்று இருந்தது. உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 10:10 என்றால் மாலை 3:40. பெரியவர் சொன்னதுதான் சரி.

ஆகவே எந்த அட்டவணையைத் திறந்தாலும் முதலில் நேர மண்டலத்தைத் தேடுங்கள். அது எழுதியே இல்லை என்றால் அந்தத் தளத்தை விட்டுவிடுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு: இரண்டு வேறு இடங்களில் பாருங்கள். பத்து இருபது நிமிட வித்தியாசம் சகஜம், ஐந்தரை மணி வித்தியாசம் வந்தால் காரணம் இதுதான். செயலியைவிட நான் நம்புவது காகிதம். அட்டவணையில் நம் நாட்களை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். தீவில் நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

நான் இருந்த நாட்களில் அமாவாசையை ஒட்டிய பகல் வற்று மாலை மூன்றரை, நாலு வாக்கில் வந்தது. இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்தமானுக்கும் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் சென்னையைவிட முக்கால் மணிக்கும் மேல் முந்திக்கொள்ளும். டிசம்பரில் ஐந்து மணி வாக்கிலேயே மறைந்துவிடும். கடல் மிக அதிகமாக வற்றுவது அமாவாசை கழித்து ஓரிரு நாளில் என்றாலும், அன்று மாலை வற்று இருட்டோடு வரும். அதனால் இரண்டாம் தடவை சதுர்த்தசி, அமாவாசை இரண்டு நாளும் தீவில் இருக்கிற மாதிரி போனோம்.

மூன்றாம் படி: படகு

வற்று மாலையில் என்றால் நீலில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். பேக்கேஜ்காரர்கள் பலர் காலையில் இறக்கி மதியமே ஏற்றிவிடுவார்கள், பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். போர்ட் பிளேரில் அரசுப் படகுக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டி, தனியார் விரைவுப் படகுகளுக்கு ஹேடோ. இரண்டும் வேறு வேறு இடம். எனக்கு அரசுப் படகுதான் பிடிக்கும். மெதுவாகப் போகும், ஆனால் மேல்தளத்தில் காற்று வாங்கலாம். விரைவுப் படகு ஏசி பெட்டி, வாந்தி வருகிறவர்கள் அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். கடல் கொந்தளித்தால் எதுவும் ஓடாது. ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் போர்ட் பிளேரில் இருங்கள்.

நான்காம் படி: பாறையில் நடப்பது

ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம். பின்னால் வார் உள்ள ரப்பர் செருப்பு போதும், விலை உயர்ந்த ஷூ தேவையில்லை. வற்று நேரத்துக்கு ஒரு மணி முன்பே போய்ச் சேருங்கள். தண்ணீர் திரும்பியதும் கிளம்புங்கள். ஏறுகிற ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்பது மாலுமிகள் கணக்கு. அதாவது நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதி ஏறிவிடும். 2 மீட்டர் ஓதத்தில் அது இடுப்பளவு. 'இன்னும் ஒரே ஒரு போட்டோ' என்று நிற்க வேண்டாம்.

குட்டைகளில் கடல் அட்டை, நட்சத்திர மீன், சிப்பி எல்லாம் கிடக்கும். கண்ணால் பார்ப்பதோடு சரி. பவளமும் கடல் அட்டையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன, செத்த பவளத் துண்டுகூடப் பையில் இருக்கக் கூடாது. விமான நிலையத்தில் சோதிப்பார்கள். மாலையில் மணல் ஈ கடிக்கும். எங்களுக்குக் காலில் தேங்காய் எண்ணெய் தடவியது உதவியது. மறந்த என் மைத்துனர் பத்து நாள் சொறிந்துகொண்டிருந்தார்.

பின்சேர்க்கை

அட்டவணையில் வற்று 0.3 மீட்டர் என்று போட்டிருந்தும் முட்டி வரை தண்ணீர் இருந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நீங்கள் நிற்கும் இடத்தின் ஆழம் இல்லை, ஒரு குறிப்பு மட்டத்திலிருந்து எடுத்த அளவு. எந்த நாள் அதிகம் வற்றும் என்று ஒப்பிட மட்டுமே உதவும்.

ஹேவ்லாக்கில் ஸ்கூபா செய்துவிட்டு அன்று மாலையே விமானம் ஏறலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது. 24 மணி நேரம் விட்டுத்தான் ஏற வேண்டும். ஸ்கூபாவைப் பயணத்தின் முதல் பாதியில் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

நாட்காட்டியில் திதி மதியமே மாறிவிடுகிறதே, எதை எடுத்துக்கொள்வது என்று இரண்டு பேர். எதை எடுத்தாலும் பரவாயில்லை. நாட்காட்டி வாரத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான். மணிக்கு அட்டவணையைப் பாருங்கள், அட்டவணை குழப்பினால் இளநீர்க் கடையில் கேளுங்கள். நீலில் பெரும்பாலும் வங்காளிக் குடும்பங்கள், போர்ட் பிளேர் மாதிரி தமிழ் எடுபடாது. இந்தியில் மணி சொல்லத் தெரிந்தால் போதும்.